கூடத்தை விட்டு நகராத பிரிகிதா அம்மாள்

தோஞா பிரிகிதா தெ வெர்காரா அம்மாளின் சவப்பெட்டி, அவர் இறந்த 1759ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து 1770ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரை, சாந்தா ரீத்தா ஊரின் பெரிய தெருவில் அவருடைய சொந்த வீட்டுக் கூடத்திலேயே இருந்தது. காரணம், அதை யாராலும் தூக்க முடியவில்லை. அதே காலத்தில் உப்பு விலை இரண்டு தடவை ஏறியது, மரப்பாலத்தை ஒரு தடவை வெள்ளம் கொண்டுபோனது, ஆயர் ஒருவர் வந்து உறுதிபூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. முதல் வருடம் ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. இரண்டாம் வருடம் வெளியூர்க்காரர்கள் வந்தால் மட்டும் பேசினார்கள். மூன்றாம் வருடத்திலிருந்து அதுவும் நின்றுபோனது. அதை அசைக்கக்கூடியவள் ஒருத்தி அந்த வீட்டு அடுப்படியிலேயே இருந்தாள் என்பதும், அவள் பெயர் பசிலியா என்பதும் மட்டும் பேச்சில் வரவில்லை.

பசிலியா அந்த வீட்டுக்குச் சீதனமாக வந்தவள். பதினாறு வயதில் பிரிகிதா கல்யாணமாகி மலையேறி வந்தபோது பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த பொருட்களின் பட்டியல் இன்னும் இருக்கிறது: சித்திரக்கட்டில் ஒன்று, தோல் நாற்காலி பன்னிரண்டு, வெள்ளி விளக்குத்தண்டு இரண்டு, செம்பு அண்டா ஒன்று, கறுப்புச் சிறுமி ஒருத்தி, வயது ஏழு, முன்பல் இல்லை. வழியெல்லாம் கோவேறு கழுதைமேல் உட்கார்ந்து அம்மாவை நினைத்து அழுதுகொண்டே வந்த பிரிகிதாவின் செருப்புகளை, அவை சேற்றில் விழாதபடி, அந்தச் சிறுமிதான் மார்போடு அணைத்து நடந்து வந்தாள். அவளுக்கும் அம்மா இருந்தாள்; அதை யாரும் கேட்கவில்லை. பிறகு பிரிகிதாவுக்கு கஸ்பார், நிக்கானோர் என்று இரண்டு மகன்கள் பிறந்தார்கள். இரண்டு பேரையும் பசிலியா தன் இடுப்பில் வைத்தே வளர்த்தாள். பன்னிரண்டு நாற்காலியில் மூன்றை அவர்கள் உடைத்தார்கள். 1740இல் வீட்டுக்காரர் இறந்தார். சீதனம் பெண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பது சட்டம். அதன்படி மீதி ஒன்பது நாற்காலியும் அண்டாவும் பசிலியாவும் விதவைக்கே முழுச் சொந்தமாயின. பசிலியாவை விற்பதோ விடுவிப்பதோ அன்றிலிருந்து பிரிகிதா அம்மாள் ஒருவருடைய கையில்தான் இருந்தது.

அந்தக் கைக்கு மை என்றால் பயம். வீட்டுக்காரர் உயிலில் கையெழுத்துப் போட்டது ஒரு வியாழக்கிழமை, இறந்தது வெள்ளிக்கிழமை. உயிலில் மை காய்வதற்குள் சாவு வந்துவிடும் என்று அம்மாள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். ஆனாலும் உயில் எழுதாமல் போவது ஆன்மாவுக்குக் கேடு என்று கோயிலில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆகவே வருடந்தோறும் தவக்காலத்தில் பத்திர எழுத்தர் சல்தான்யாவை வீட்டுக்கு வரவழைப்பார். சல்தான்யா முத்திரைத்தாளை விரித்து, இறகைச் சீவி, மையில் தோய்ப்பார். பசிலியா தட்டில் சாக்லேட் கொண்டுவருவாள்.

"சாக்லேட் ஆறிடப் போகுது சல்தான்யா, முதல்ல குடியும். பேனா எங்கயும் ஓடிப்போயிடாது," என்பார் அம்மாள். குடித்து முடித்ததும், "உயிர்ப்புத் திருநாள் முடியட்டுமே," என்பார். சல்தான்யா தாளைச் சுருட்டிக்கொண்டு போவார். இப்படியே அந்த மனிதர் ஆளும் பருத்து, உத்தியோகத்திலும் பெரியவராகிவிட்டார்.

பசிலியாவுக்கு முப்பத்தெட்டு வயதில் தெக்லா பிறந்தாள். தகப்பன் கழுதைக் கூட்டத்தோடு வந்து கழுதைக் கூட்டத்தோடு போனவன். அடிமையின் பிள்ளை அடிமை. குழந்தையின் ஞானஸ்நானத்தன்று அம்மாள் சந்தோஷம் பொங்கி, "உன்னையும் இவளையும் உயில்ல விடுதலை பண்ணிடறேன்டி. நீங்க ரெண்டு பேருந்தான் முதல் வரி," என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் சல்தான்யா வெறுங்கையோடு இறங்கிப் போகும்போது பசிலியா தட்டை ஏந்தியபடி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? நான் இன்னும் முப்பது வருஷம் இருப்பேன். எழுதுனாத்தான் ஆச்சா? என் வாயால சொன்னது சொன்னதுதான்."

"வாய் உங்களோடயே போயிடுமே எசமானியம்மா."

அம்மாள் விழுந்து விழுந்து சிரித்து, விசிறியால் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். கெட்டவர் இல்லை பிரிகிதா அம்மாள். நாளைக்கு என்று சொல்லிப் பழகியவர், அவ்வளவுதான்.

1759ஆம் வருடத் தவக்காலத்தில், வருடத்துக்கு ஒன்றாகப் பத்தொன்பதாவது கோப்பை காலியான பிறகு, அம்மாள் என்ன நினைத்தாரோ, "எழுதும்," என்றார். சல்தான்யா இறகை எடுத்தார். ஆன்மாவை ஆண்டவருக்கு ஒப்படைக்கும் வரி முடிந்தது. உடலை மண்ணுக்கு ஒப்படைக்கும் வரியும் முடிந்தது. பிரான்சிஸ்கு சபை அங்கியில் அடக்கம் செய்ய வேண்டும் என்பதும் முடிந்தது. "முதலாவதாக," என்றார் அம்மாள். சல்தான்யா "முதலாவதாக" என்று எழுதினார். அம்மாள் தொண்டையை நனைக்கும் சாக்கில் ஒரு துண்டு கொய்யா அல்வாவை எடுத்து வாயில் போட்டார். அது தொண்டையில் சிக்கியது. பசிலியா முதுகில் அடித்தாள், தண்ணீர் கொடுத்தாள், விரலை விட்டு எடுக்கப் பார்த்தாள். கையெழுத்து இல்லாத அந்தத் தாளில் மை காயும் முன்னால் அம்மாள் போய்விட்டார். மை விஷயத்தில் அவர் பயந்தது சரிதான் என்று ஊர் ஒத்துக்கொண்டது.

மறுநாள் துயர மாதா சபையிலிருந்து ஆறு பேர் கறுப்பு அங்கியோடு வந்து பெட்டியைத் தூக்கக் குனிந்தார்கள், குனிந்தபடியே இருந்தார்கள். பிறகு பன்னிரண்டு பேர் வந்தார்கள். பிறகு வாசல் நிலையைப் பெயர்த்து எட்டு மாடுகளைக் கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்து இரண்டு மாடு முழந்தாளிட்டது. பெட்டியைத் திறந்து அம்மாளை மட்டும் தனியாக எடுக்கலாம் என்று பார்த்தால், ஐந்தடி உயரமும் இல்லாத அந்த உடம்பின் சுண்டுவிரலைக்கூட நிமிர்த்த முடியவில்லை. உடம்பு கெடவும் இல்லை. பெட்டியைச் சுற்றிக் கொய்யா வாசனை மட்டும் அடித்தது. பங்குச்சாமி தீர்த்தம் தெளித்துப் பார்த்துவிட்டு, இதில் பேய் ஒன்றும் இல்லை, வெறும் பாரம்தான் என்றார். தலைநகருக்கு எழுதிப் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, மீண்டும் ஒரு முறை தூக்கிப் பார்க்கவும் என்று பதில் வந்தது.

இதற்குள் சட்டம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. இறந்தவர் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கை அடக்கத்துக்கும் பூசைகளுக்கும் எடுத்து வைத்த பிறகுதான் மிச்சத்தைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்ள முடியும். அடக்கமே ஆகவில்லை என்றால் பிரிவினை ஏது? நகர நீதிபதி சொத்துப் பட்டியலை எழுதச் சொல்லி, அதற்கு முத்திரை வைத்துப் பூட்டிவிட்டார். செம்பு அண்டாவுக்குக் கீழே பசிலியாவின் பெயர் இருந்தது, அதற்குக் கீழே தெக்லா, வயது ஆறு, பல் முழுசாக இருக்கிறது.

பட்டியல் எழுதிய வாரத்துச் சனிக்கிழமை பசிலியா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெட்டிக்கு அடியில் பூச்சருகு கிடந்தது. துடைப்பத்தை நீட்டினாள், எட்டவில்லை. வேலை மும்முரத்தில், அடுப்படியில் மாவுத்தொட்டியைத் தள்ளுவதுபோல் இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினாள். பெட்டி ஒரு முழம் நகர்ந்தது. பசிலியா அப்படியே நின்றாள். வாசலைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், யாரும் இல்லை. ஒரு கையால் பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள். ரொட்டிக் கூடை அளவுகூடக் கனமில்லை. அடியில் இருந்த சருகை அள்ளினாள். பிறகு பெட்டியைத் தரையில் பதிந்திருந்த தடத்திலேயே அச்சுப் பிசகாமல் தள்ளி வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

யோசிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பெட்டி போனால் அடக்கம். அடக்கம் ஆனால் பிரிவினை. பிரிவினை ஆனால் தெக்லா. மூத்தவன் கஸ்பாருக்குத் தாழ்நாட்டில் தங்கம் கிடைக்கும் ஆறு ஒன்று இருந்தது. அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று மணல் அரிக்கிற பெண்கள் நான்கு வருடம் தாங்கினால் அதிசயம். பெட்டி கிடக்கிறவரை விடுதலை இல்லை, ஆனால் விற்பனையும் இல்லை. பசிலியா இதை யாரிடமும் சொல்லவில்லை. தெக்லாவிடம்கூடச் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சர்க்கரைக் கட்டி திருடியதைச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டியதைச் சொன்னாள். பெட்டி விஷயம் பத்துக் கட்டளையில் எதிலும் வரவில்லை என்பது அவள் கட்சி.

இப்படியே பதினோரு வருடம் போயிற்று. இளையவன் நிக்கானோர் மனைவியோடு அந்த வீட்டிலேயே குடியேறினான். நிக்கானோரின் மனைவி பெட்டிமேல் பட்டுத்துணி விரித்தாள். வருகிறவர்கள் தொப்பியை அதன்மேல் வைத்தார்கள். மழைக்காலத்தில் பூனை ஏறிப் படுத்துக்கொண்டது. நிக்கானோர் மட்டும் காலையில் எழுந்ததும் பெட்டியைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். தாய் கோயில் மண்ணில் இல்லாமல் கிடக்கிறாளே என்று அவனுக்கு உறுத்தல். கஸ்பார் மாதம் ஒரு தடவை தோட்டத்திலிருந்து வந்து, பெட்டியைக் காலால் ஓர் உந்து உந்திப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே போவான். சனிக்கிழமைதோறும் பசிலியா பெட்டியை நகர்த்தி அடியில் பெருக்கினாள். அது லேசாக இருந்தது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை, கோபமாக இருந்தது. உயிரோடிருந்தபோது தன் தோளில் சாய்ந்து படியிறங்கிய அதே பெண்மணி செத்த பிறகும் தன்மேல்தான் சாய்ந்துகொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது.

1770இல் கடல் தாண்டி ஒரு புது நீதிபதி வந்தார். பழைய வழக்குகளையெல்லாம் ஒரே மாதத்தில் தீர்த்துக்கட்டுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தவர். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார், தொப்பியால் விசிறிக்கொண்டார், தீர்ப்பை எழுதினார்: யாராலும் அசைக்க முடியாத பொருள் அசையாச் சொத்து. அசையாச் சொத்து நிலத்தோடு சேர்ந்தது. நிலத்தோடு சேர்ந்துவிட்ட பிணம் அடக்கம் செய்யப்பட்ட பிணம். ஆகவே சுற்றிலும் சுவர் எழுப்பிக்கொண்டு, பதினைந்து நாளில் சொத்தைப் பிரித்துக்கொள்ளவும். பங்குச்சாமி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கூடத்தை மந்திரிக்கலாம், அதைக் கோயில் மண்ணாக்க முடியாது என்றார். அம்மா மோட்சம் போகாமல் கூடத்திலேயே கிடக்கப் போகிறாள் என்று நிக்கானோர் அழுதான். கஸ்பார் அழவில்லை. பிரிவினையில் தெக்லா தனக்கு, பசிலியா தம்பிக்கு என்று அவன் முன்னமே பேசி முடித்திருந்தான். பசிலியா வைக்கிற சூப்பு இல்லாமல் தம்பியால் இருக்க முடியாது. நற்கருணைத் திருநாள் முடிந்த திங்கட்கிழமை தாழ்நாட்டுக்குக் கழுதைகள் புறப்படும். தெக்லாவுக்கு அப்போது பதினேழு வயது.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை, அண்ணனும் தம்பியும் கூடத்தில் மேசைபோட்டு உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். பசிலியா துடைப்பத்தோடு உள்ளே வந்தாள்.

"காலைத் தூக்குங்க சின்னய்யா," என்றாள். நிக்கானோர் காலைத் தூக்கினான். அவள் பெருக்கிக்கொண்டே பெட்டியிடம் போய், இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளி, அடியில் பெருக்கி, மறுபடி தள்ளி வைத்தாள்.

கஸ்பாரின் கையிலிருந்த கோப்பை சாய்ந்து பங்குப் பட்டியலெல்லாம் சாக்லேட் ஆயிற்று. "என்னடி பண்ணினே?"

"பெருக்கினேன் பெரியய்யா."

"எத்தன நாளா?"

"பதினோரு வருஷமா, சனிக்கிழமை சனிக்கிழமை. நடுவுல காய்ச்சல் வந்து ஒரு வாரம் விட்டுப்போச்சு."

கஸ்பார் எழுந்து போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினான். பெட்டி அசையவில்லை. உதைத்தான். கட்டைவிரல் வீங்கியது. நிக்கானோர் முகம் வெளுத்துப்போய், "உனக்கு மட்டும் எப்படி பசிலியா?" என்றான்.

"எனக்கென்ன தெரியும் சின்னய்யா? ஏழு வயசுலேருந்து அவங்களச் சுமந்து பழகின உடம்பு."

"கோயில் வரைக்கும் தூக்கிட்டுப் போவியா?"

"போவேன். ரெண்டு விடுதலைக் கடுதாசி வேணும். எனக்கு ஒண்ணு, தெக்லாவுக்கு ஒண்ணு."

"சவுக்கால நாலு போட்டா, கடுதாசி இல்லாமலே தூக்குவே," என்றான் கஸ்பார்.

"போடுங்க. கை ஒடிஞ்சா அப்புறம் யாரு தூக்குவா, நீங்களா?"

கஸ்பார் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான். பெட்டி அசையும் என்று நீதிபதிக்குத் தெரிந்தால் தீர்ப்பும் போச்சு, பிரிவினையும் போச்சு. அவன் பேரத்தில் கெட்டிக்காரன். கொஞ்ச நேரம் கூடத்தில் நடந்துவிட்டு, "ரெண்டெல்லாம் கிடையாது. ஒண்ணு தர்றேன். யாருக்குன்னு நீயே சொல்லு," என்றான். இதைக் கேட்டு அவள் தடுமாறுவாள், அழுவாள், ஒருநாள் இரண்டுநாள் போகும், அதற்குள் வேறு வழி பார்க்கலாம் என்பது அவன் கணக்கு.

"தெக்லாவுக்கு," என்றாள் பசிலியா, அவன் வாயை மூடுவதற்குள்.

சல்தான்யா வந்தார். எழுபது வயதாகியிருந்தது; படியேற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. பசிலியாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே தெக்லாவின் பத்திரத்தை எழுதினார். சாக்லேட் கொடுத்தார்கள், அவர் தொடவில்லை. இரண்டு வாரிசுகளும் கையெழுத்துப் போட்டார்கள். அன்று சாயந்திரமே பசிலியா அந்தத் தாளை மடித்து மகளின் ரவிக்கை உள்மடிப்பில் வைத்துத் தைத்தாள். ஆற்றுக்கு அப்பால், விடுதலையான சலவைக்காரிகள் குடிசை போட்டிருந்த மேட்டுக்குப் போகச் சொன்னாள்.

"நீ வராம நான் போகல," என்றாள் தெக்லா.

"நீ இங்க நின்னா நான் பெட்டியத் தொடமாட்டேன். காலைல மொத வேலையாப் போ. போய் முதல் குடிசையில அடுப்பப் பத்த வை. பச்சை விறகா வை, புகை நல்லா மேல வரணும். அதப் பாத்தப்புறந்தான் குனிவேன்."

"அப்புறம் நீ?"

"எனக்குப் பேரம் இன்னும் முடியலடி," என்றாள் பசிலியா.

புதன்கிழமை, திருநாளுக்கு முந்தின நாள். காலை எட்டு மணிக்கு ஆற்றுக்கு அப்பால் புகை எழும்பியது. பசிலியா அது நிஜமாகவே அடுப்புப் புகைதான் என்று தெரிகிறவரை முற்றத்தில் நின்று பார்த்தாள். பிறகு முக்காட்டுத் துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, கூடத்துக்குள் போய், ஒருத்தியாகவே பெட்டியைத் தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு வாசற்படி இறங்கினாள். பெரிய தெருவே சன்னலுக்கு வந்தது. எட்டு மாடு இழுத்து வராதது, ஐம்பத்தைந்து வயதுக்காரி தலையில் ஆடாமல் போய்க்கொண்டிருந்தது. முன்னால் பங்குச்சாமி, பின்னால் மகன்கள், அவர்களுக்குப் பின்னால் துயர மாதா சபையின் ஆறு பேர், செய்வதற்கு வேலை இல்லாமல். ரொட்டிக்காரி ஒருத்தி, "கழுத்து வலிக்கலையா பசிலியா?" என்று கூப்பிட்டுக் கேட்டாள். "தண்ணிக் குடம் இதவிடக் கனம்," என்று பதில் வந்தது.

கோயிலுக்கு முன்னால் சதுக்கம். சதுக்கத்தின் நடுவில், மறுநாள் பவனி கடந்து போவதற்காகத் தச்சர்கள் பூவளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். சரியாக அந்த வளைவுக்கு அடியில் பசிலியா பெட்டியை இறக்கி வைத்தாள். சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"என்ன நின்னுட்டே?" என்றான் கஸ்பார்.

"ஒரு கடுதாசிக்கு இவ்வளவு தூரந்தான் பெரியய்யா."

கஸ்பார் சவுக்கை எடுத்தான். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் சவுக்கை மறுபடி இடுப்பில் செருகினான். சபைக்காரர்கள் ஆறு பேரும் ஆசைக்கு ஒரு தடவை குனிந்து பார்த்தார்கள். பாதி வழி வந்துவிட்டதே என்று பெட்டிக்கு ஒன்றும் இரக்கம் இல்லை. மறுநாள் திருநாள் பவனி வளைவுக்குள் போக முடியாமல் சுற்றி வளைந்து சந்தைக்குப்பை வழியாகப் போனது. நற்கருணைக் குடையைப் பிடித்திருந்த புது நீதிபதியின் வெள்ளைக் காலுறை முழங்கால்வரை சேறாயிற்று. அதைவிடப் பெரிய சேறு அவருடைய தீர்ப்பில் இருந்தது. அசையாச் சொத்து என்று முத்திரை வைத்த பொருள் ஊரறியத் தெருவில் நடந்து போய்விட்டது. சரி, இருக்கும் இடத்தோடு சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால், இப்போது நகரச் சதுக்கமே பிரிகிதா அம்மாளின் கல்லறை ஆகிறது. சந்தை எங்கே கூடும், காளை விளையாட்டு எங்கே நடக்கும் என்று நகரசபை கொதித்தது. நீதிபதி கஸ்பாரைக் கூப்பிட்டு அனுப்பி, மூடிய கதவுக்குப் பின்னால் சத்தம் போட்டார். கஸ்பார் பிடிவாதக்காரன்; எட்டு நாள் தாக்குப் பிடித்தான். திங்கட்கிழமை கழுதைகள் தாழ்நாட்டுக்குத் தெக்லா இல்லாமலே புறப்பட்டுப் போயின.

அந்த எட்டு நாளும் பசிலியா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்தாள். சந்தைப் பெண்கள் சோளரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். மெழுகுவர்த்திக்காரனுக்கு நல்ல வியாபாரம். நான்காம் நாள் மத்தியானம், வெயிலுக்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குள் போய்விட்ட நேரம், பசிலியா பெட்டியின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பேசியதைக் கேட்டவன் வளைவில் காய்ந்த பூவைப் பிடுங்க ஏறியிருந்த தச்சன்.

"வெயில்ல உக்கார வச்சிட்டேன்னு கோவமா? எனக்கும் கோவந்தான். முப்பத்தேழு வருஷம் உன் செருப்பத் தூக்கினேன், உன் பிள்ளையத் தூக்கினேன். பத்தொம்பது கோப்பை சாக்லேட் ஊத்தி அனுப்பினியே, ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதியிருந்தா உன் கை என்ன தேஞ்சா போயிருக்கும்?" பிறகு அழுதாள். பதினோரு வருடத்தில் அவள் அழுதது அன்றைக்குத்தான். தனக்காகப் பாதி அழுதாள். கழுதைமேல் உட்கார்ந்து அம்மாவுக்கு ஏங்கிக்கொண்டு வந்த பதினாறு வயதுப் பெண்ணுக்காக மீதி அழுதாள். அழுகை முடிந்ததும் மறுபடி மொச்சையை எடுத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் வியாழக்கிழமை, நிக்கானோர் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். கூடவே சல்தான்யா. கிழவர் பதினோரு வருடமாகப் பெட்டகத்தில் வைத்திருந்த ஒரு பழைய முத்திரைத்தாளை எடுத்து விரித்தார். "முதலாவதாக" என்ற சொல்லோடு நின்றுபோன அதே தாள். செத்தவர் வாக்கை உயிரோடிருக்கிறவர் கையெழுத்தால் முடிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுத்தாளில் எழுதினார். சதுக்கத்தில் மேசை இல்லை. பெட்டியின் மூடிமேலேயே வைத்து எழுதினார்: பசிலியா, வயது ஐம்பத்தைந்து, இந்த நாளிலிருந்து தன் விருப்பப்படி எங்கேயும் போகலாம், வரலாம், யாருக்கும் வேலை செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். நிக்கானோர் கையெழுத்துப் போட்டான். கஸ்பார் தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டான். சல்தான்யா ஈர மைமேல் மணலைத் தூவி, ஊதி, தாளைப் பசிலியாவிடம் நீட்டினார். பெட்டி லேசாக ஒரு முனகல் முனகியது. புது வீட்டு உத்திரம் வெயிலில் முனகுமே, அவ்வளவுதான்.

பசிலியா தாளை இடுப்பில் செருகினாள். சும்மாட்டைச் சுருட்டினாள். பேசியது பேசியபடி மீதி வழியையும் கொண்டுபோய்ச் சேர்க்கக் குனிந்தாள். பெட்டி வரவில்லை. காலை அகட்டி வைத்து மறுபடி பிடித்தாள். வரவில்லை. பழக்க தோஷத்தில் இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினாள். மரத்தின் முனை எலும்பில் இடித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கஸ்பார், "ஏமாத்திட்டா! கடுதாசிய வாங்கிட்டு ஏமாத்திட்டா!" என்று கத்தினான். நிக்கானோர் அவனைக் கண்டுகொள்ளாமல் போய்ப் பெட்டியின் தலைமாட்டைப் பிடித்துத் தூக்கினான். தூக்க வந்தது. ஒரு குள்ளமான அம்மாளும் ஒரு மரப்பெட்டியும் எவ்வளவு கனம் இருக்குமோ அவ்வளவு கனம் இருந்தது. சபைக்காரர்களில் மூன்று பேர் ஓடிவந்து மற்ற முனைகளைப் பிடித்தார்கள். வழியில் ஒரு தடவை இளைப்பாறினார்கள். பத்து நிமிடத்தில் பிரிகிதா அம்மாள் பலிபீடத்துக்கு இடதுபக்கம் தன் புருஷனுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் போய்விட்டார். பங்குச்சாமி புத்தகத்தில் எழுதினார்: மரணம் 1759, அடக்கம் 1770, தாமதத்துக்குக் காரணம் பாரம். மற்ற அடக்கங்களுக்கு வாங்குகிற அதே கட்டணம் வாங்கிக்கொண்டார்.

பசிலியா கோயில்வரை பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். கைகளில் ஒன்றும் இல்லாததால் அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கட்டிக்கொண்டாள், பின்னால் கட்டிக்கொண்டாள், கடைசியில் சும்மாட்டுத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு கைப்பிடி மண் போட்டாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகப் பாலத்துக்குப் போனாள். மேட்டில் தெக்லா எட்டு நாளாக அடுப்பை அணைய விடாமல் வைத்திருந்தாள். சலவைக்காரிகளுக்குப் புகையில் கண் சிவந்திருந்தது. அந்தக் குடிசையில் பசிலியா இன்னும் இருபத்திரண்டு வருடம் இருந்தாள், கொய்யா அல்வா கிண்டி விற்றாள், சின்னத் துண்டாகத்தான் நறுக்குவாள். மழைக்காலம் வந்தால் இடதுபக்க இடுப்பு வலிக்கும். தெக்லா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துக்கொண்டே, இத்தனை வருடம் ஆகியும் போகவில்லையே, அப்படி என்ன இடித்தது என்று கேட்பாள்.

"எசமானியம்மாதான்," என்பாள் பசிலியா. "நல்ல கனம்டி அந்தப் பொம்பள."